அந்தப் பாட்டைப் பாடியவரின் காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில், பழைய ராக் குழுக்கள் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வெளியிட்ட தனிப்பாடல்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஏசி/டிசி குழுவின் 'ஷாட் இன் த டார்க்' பாட்டுக்கு அதில் கிடைத்தது மூன்றே வரி. நாற்பது ஆண்டுகளாகப் போடும் அதே தாளத்தை மறுபடியும் போட்டிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டு, கட்டுரையாளர் அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். தாளம் அதேதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டைப் பாடிய பிரையன் ஜான்சன், காது முழுவதுமாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016இல் பாதிச் சுற்றுப்பயணத்தில் மேடையை விட்டு இறங்கியவர். அதைச் சொல்லாமல் அந்தப் பாட்டைப் பற்றி எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் பாம்பன்காரன். இருபது ஆண்டுகளுக்கு மேல் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் எஞ்சின் வேலை பார்த்தவன். அதற்கு முன் சில ஆண்டுகள் சார்ஜாவில் படகு கட்டும் பட்டறையில் இருந்தேன். அங்கே என் அறையில் தங்கியிருந்த கோவாக்காரர் ஒருவரிடம் ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' கேசட் இருந்தது. எனக்கு அதன் சொற்கள் புரியவில்லை. ஆனால் அதில் மால்கம் யங் வாசித்த ரிதம் கிட்டார் முதல் நாளே புரிந்துவிட்டது. நன்றாக டைமிங் வைத்த எஞ்சின் எப்படி ஓடுமோ அப்படி, கூடாமல் குறையாமல், மால்கமின் தம்பி ஆங்கஸின் கிட்டார் அதன் மேல் ஏறி விளையாட இடம் கொடுத்து ஓடிக்கொண்டிருந்தது. குழுவின் பெயரே அவர்களுடைய அக்கா ஒரு தையல் இயந்திரத்தில் பார்த்த எழுத்துகள்தான் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒரே மாதிரி ஓடுகிறது என்பதை எங்கள் தொழிலில் யாரும் குறையாகச் சொல்வதில்லை.

என் தகப்பனார் பாய் விரித்துத் தொழிலுக்குப் போன தலைமுறை. கரைவலை இழுக்கும்போது அம்பா பாட்டு எடுத்துக் கொடுப்பார். இரவில் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியில் காதை வைத்து, கத்தாளைக் கூட்டம் கிட்டத்தில் இருக்கிறதா என்று கேட்பார். அந்த மீன் வயிற்றுக்குள் உறுமும். அந்த உறுமல் மரத்தின் வழியே ஏறி வரும். எழுபது வயதிலும் அவருக்குக் காது கூர்மையாக இருந்தது. எனக்கு நாற்பத்தைந்திலேயே மங்கத் தொடங்கிவிட்டது.

இரைச்சல் காதை ஒரே நாளில் செவிடாக்குவதில்லை. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. செத்தவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள கீச்சு ஒலிகள். அதனால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ரயில் பாலத்தில் வண்டி ஏறும் அதிர்வு எனக்கு இன்றும் கேட்கிறது. பேத்தியின் கொலுசு கேட்பதில்லை. பேச்சில் உயிர் ஒலி நிற்கும், மெய் ஒலி உதிர்ந்துவிடும். 'பத்து' என்றாலும் 'சத்து' என்றாலும் 'கத்து' என்றாலும் எனக்கு ஒன்றுதான்.

2015ஆம் ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் ஒரு எஞ்சினைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படகில் இன்னொரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்த பையன், "போடாதீர்கள் மாமா" என்று கத்தினான். என் காதில் "போடுங்கள் மாமா" என்று விழுந்தது. தமிழில் வேண்டாம் என்பது சொல்லின் நடுவில் ஓரிரு எழுத்தாகத்தான் இருக்கிறது. இரைச்சலில் அதுதான் முதலில் அழிகிறது. நான் எஞ்சினைப் போட்டுவிட்டேன். அவன் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. என் மேல் அவனோ அவன் வீட்டாரோ ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த ஆண்டோடு படகுக்குள் இறங்கி வேலை பார்ப்பதை நிறுத்திவிட்டேன். என்னிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றேன். காது கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

2020 அக்டோபரில் என் மகன் தன் கைபேசியை என் முன்னால் மேசையில் வைத்து, "அப்பா, உங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினான். கைபேசியை மர மேசையோடு அழுத்தி, மேசையில் முழங்கை ஊன்றி, கன்னத்து எலும்பைக் கையில் சாய்த்துக்கொண்டு கேட்டேன். முதலில் கிட்டார் வந்தது. சார்ஜா அறையில் கேட்ட அதே ஓட்டம். பிறகு அந்தக் கரகரத்த குரல்.

அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருந்தவற்றை அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். மறதி நோயால் 2014இல் விலகிய மால்கம் 2017 நவம்பரில் இறந்துபோனார். பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸ் 2016இல் ஓய்வு பெற்றிருந்தார். டிரம்மர் ஃபில் ரட்டும் விலகியிருந்தார். ஜான்சன் இறங்கிய இடத்தில் மீதிச் சுற்றுப்பயணத்துக்கு கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் பாடினார். இப்படிக் கலைந்த குழுதான் 2018இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடியது. மால்கம் இடத்தில் அவர் அண்ணன் மகன் ஸ்டீவி வாசித்தார். மால்கமும் ஆங்கஸும் முன்பே போட்டுவைத்திருந்த மெட்டுகளை எடுத்து ஆங்கஸ் பாட்டுகளை முடித்தார். இந்தப் பாட்டு இடம்பெற்ற 'பவர் அப்' தொகுப்பின் எல்லாப் பாட்டுகளிலும் மால்கமின் பெயர் இருக்கிறது. அதே தாளம் என்று கட்டுரையாளர் கடந்து போனாரே, அது இறந்துபோன அண்ணனின் தாளம்.

ஜான்சனுக்குச் சும்மா இருந்து காது திரும்பிவிடவில்லை. ஒலிக் கருவி நிபுணர் ஒருவரோடு சேர்ந்து, மண்டை எலும்பையே ஒலி வாங்கியாகப் பயன்படுத்தும் கருவியைப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்போம். தகப்பனார் துடுப்பில் கேட்டதும் அதே வழிதான். பாட்டு வெளியான 2020 அக்டோபர் 7ஆம் தேதி ஜான்சனுக்கு 73 வயது நிறைந்து இரண்டு நாள். 2024இல் ஐரோப்பாவில் மறுபடி மேடையேறிப் பாடினார்.

அவரைப் பற்றிப் படித்த பிறகுதான், காது கேட்கவில்லை என்று என் மனைவியிடம் நேராகச் சொன்னேன். 2021இல் காது கேட்கும் கருவி வாங்கினோம். முதலில் வாங்கிய கருவி உப்புக் காற்றில் ஆறு மாதம் தாங்கவில்லை. கடற்கரையில் இருப்பவன் என்று சொல்லித்தான் வாங்கினேன். ஆனாலும் விற்ற கடை மாற்றித் தரவில்லை. இரண்டாவது கருவியை இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைத்துக் காப்பாற்றுகிறேன்.

உலகப் பாடகர் ஒருவரின் காது போனால் அது செய்தி. எங்கள் கரையில் போகும் காதுகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தொழிற்சாலைகளுக்கான சட்டத்தில், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு இருக்கிறது. எங்கள் படகு தொழிற்சாலை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு வந்த பிறகே ஒருவரைக் கணக்கில் எடுக்கிறது. அதற்குள் அவர் எத்தனை 'போடாதீர்கள்'களைத் தவறவிட்டிருப்பார்! 85 டெசிபல் இரைச்சலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான் என்று அறிந்தவர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். எஞ்சின் பெட்டியின் மேலேயே படுத்துத் தூங்கும் பையன்களுக்கு அதை யார் சொன்னார்கள்?

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அந்தப் பாட்டை மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும், அந்தக் காதின் கதையை உங்கள் பக்கத்தில் முழுதாக எழுத வேண்டும். எழுதும்போது எங்கள் கரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், எஞ்சின்கள் பிரிக்கப்பட்டிருக்கும். இப்போது நான் பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறேன். காதடைப்பான் போடாதவனை எஞ்சின் பக்கத்தில் விடுவதில்லை. விரல் நுனி போன அந்தப் பையனும் என்னோடுதான் இருக்கிறான். எஞ்சினைப் போடும் முன் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று எங்கள் பட்டறையில் பழக்கம் வைத்தவன் அவன்தான். உங்கள் நிருபர் வந்தால் அவனே எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவான். என்னிடம் பேசும்போது மட்டும் என் வலப் பக்கமாக நின்று பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் மெக்கானிக் ஒருவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.