அப்பாவின் தையலும் அண்ணனின் ஓடிபியும்

காவிரி டெல்டா மாவட்டங்களில் அறுவைசிகிச்சைப் பிரிவு நடத்தும் அரசு, தனியார் மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. ரீசார்ஜ், பட்டா சிட்டா, பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் எல்லாம் அங்கேதான் நடக்கும். நாலைந்து வருடமாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் மஞ்சள் பையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டி, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரேன்" என்பார்கள். நான் படித்தது பி.காம். இருந்தாலும் பார்ப்பேன். இங்கிலீஷ் எழுத்து தெரிந்த ஒரே காரணத்தால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய ஆலோசகர் நான்தான் என்பது உங்களுக்குத் தெரிந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

சம்பா அறுப்பு முடிந்து நெல்லைப் போட்டுக் காசு கைக்கு வந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் பலரும் தள்ளிப்போட்ட ஆபரேஷனுக்குப் போவார்கள். அப்பாவும் அப்படித்தான் பங்குனியில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். குடல் மறுபடி பிதுங்காமல் இருக்க உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. மருத்துவரின் கைவேலையில் எந்தக் குறையும் இல்லை.

வெளியே வரும்போது ஒரு கியூஆர் ஸ்டிக்கரைக் கொடுத்தார்கள். "இந்த ஆப்ல தினமும் பதில் போடுங்க, நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்." எனக்குச் சந்தோஷம்தான். இதெல்லாம் என் தொழில் இல்லையா. அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், அதனால் என் போனில் ஏற்றினேன். நுழைய ஓடிபி கேட்டது. அட்மிஷனின்போது அண்ணன் நம்பரைக் கொடுத்திருந்தோம். அண்ணன் சிங்கப்பூரில் ஷிஃப்ட் வேலையில் இருக்கிறான், உள்ளே போனை வெளியில் எடுக்க முடியாது. அவன் எடுத்து எண்ணைச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடும். இரண்டு நாள் இப்படியே போனது.

நுழைந்த பிறகு வலி எவ்வளவு என்று ஐந்து பொம்மை முகங்களைக் காட்டியது. அப்பா சிரிக்கிற முகத்தைத் தொடச் சொன்னார். "ஏம்பா, ராத்திரி பூரா அனத்துனீங்களே" என்றேன். "டாக்டர் நல்லாப் பண்ணியிருக்காரு, அவரு மனசு நோகக் கூடாது" என்றார். இப்படிப் பதில் சொல்லும் தலைமுறையிடம்தான் நீங்கள் பொம்மையைக் காட்டி வலியை அளக்கிறீர்கள்.

ஆறாம் நாள் தையல் ஓரம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "நன்றி, உங்கள் தகவல் பதிவாகிவிட்டது" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. எட்டாம் நாள் எங்கள் தெருவுக்குச் சர்க்கரை, பிரஷர் பார்க்க வரும் மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வந்தார். அப்பாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தவர், "இன்னும் ஏன் வீட்டுல வச்சிருக்கீங்க" என்று சத்தம் போட்டார். அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் போய்ச் சீழை எடுத்து, மேலும் பன்னிரண்டு நாள் கட்டு மாற்ற அலைந்தோம். நல்லவேளை, வலை வரை போகவில்லை. கட்டு பிரித்த வாரம் ஆப் ஒரு செய்தி அனுப்பியது: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

சரி, இது எங்கள் வீட்டுக் கதை. ஆனால் ஆபரேஷன் புண்ணில் வரும் தொற்றை 30 நாள் வரை, வலையோ செயற்கை மூட்டோ உள்ளே வைத்திருந்தால் 90 நாள் வரை கவனிக்க வேண்டும் என்பது உங்கள் பாடத்திலேயே இருக்கும் கணக்கு. நோயாளி உங்கள் கண்முன் இருப்பது மூன்று நாள், ஐந்து நாள். மிச்ச நாளெல்லாம் அவர் எங்கள் திண்ணையில்தான் படுத்திருக்கிறார்.

போன் இதற்கு உதவாது என்று நான் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அவசர வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 492 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் ஸ்மார்ட்போனில் புண்ணின் படத்தையும் சில கேள்விகளுக்குப் பதிலையும் அனுப்பினார்கள். முதல் ஏழு நாளுக்குள் தொற்று கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டத்தட்ட நாலு மடங்கு அதிகமாக இருந்தது. ஒட்டுமொத்தமாகக் கண்டுபிடிக்க ஆன சராசரி நாட்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் அங்கே வந்த படத்தை மருத்துவர்கள் பார்த்தார்கள். எங்களுக்கு விடுபட்டது அந்த ஒன்றுதான்.

அதனால் நான் கேட்பது புது ஆப் இல்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், படங்களையும் பதில்களையும் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு நர்ஸ் வேண்டும். சந்தேகம் வந்தால் அவர் திருப்பிக் கூப்பிட வேண்டும். பெரும்பாலான புண்கள் ஒழுங்காகத்தான் ஆறும். மருத்துவரிடம் போக வேண்டியவை சிலதான் இருக்கும். அந்த நர்ஸைப் போட முடியாது என்றால் தயவுசெய்து ஸ்டிக்கரையும் கொடுக்காதீர்கள். "பாத்துக்கிட்டே இருப்போம்" என்று நீங்கள் சொன்னதால்தான் நாங்கள் இரண்டு நாள் சும்மா இருந்தோம். ஆப் இல்லாவிட்டால் ஆறாம் நாளே பஸ் ஏறியிருப்போம்.

அடுத்தது, யார் போனில் என்ன இருக்கிறது என்பது. நீங்கள் அழைக்க வேண்டியது நோயாளியின் பட்டன் போனை. 2016-ல் மத்திய அரசு தொடங்கிய கில்காரி திட்டத்தில் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை தாய்க்கு வாராவாரம் குரல் அழைப்பு போகிறது, மொத்தம் 72 அழைப்புகள். அதற்கு ஆன்ட்ராய்டும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். நம் ஊரிலும் கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பிக்மி என்ற பதிவு எண் கொடுத்து, கிராம சுகாதார செவிலியர் பின்னாலேயே வருகிறார். குடலை வெட்டித் தைத்துக்கொண்டு வந்தவருக்கு மட்டும் ஒரு எண்ணும் இல்லை, ஒருவரும் இல்லை.

அழைப்பு எங்கள் தமிழில் இருக்கட்டும். "வலி எத்தனை" என்று கேட்டால் பொய் சொல்வார்கள். "நேத்தைக்கு இன்னைக்கு வலி கூடியிருக்கா? ராத்திரி தூங்குனீங்களா? காய்ச்சல், குளிர் இருந்துச்சா? கட்டுல ஈரம், நாத்தம் இருக்கா? கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிக்குதா?" என்று கேளுங்கள், உண்மை வரும். புண் சிவந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எங்கள் நிறத்தில் சிவப்பு சுலபமாகத் தெரியாது. சூடு, வீக்கம், தோலின் பளபளப்பு, இவற்றைத்தான் கேட்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ படமும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடு என்று எல்லா அழைப்பிலும் சொல்லுங்கள்.

பத்தியத்தையும் அதில் சேருங்கள். பருப்பு தின்றால் புண் சீழ் பிடிக்கும், முட்டை கூடாது, மீன் கூடவே கூடாது என்று சொல்லி வெறும் ரசம் சோற்றைப் போட்டு ஆளை வற்ற வைக்கிறார்கள். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும் என்று நான் சொன்னால் என் அத்தையே நம்பவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டரின் குரலில் வந்தால் நம்புவார்.

"கடின வேலைகளைத் தவிர்க்கவும்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். இங்கே எது கடின வேலை? கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. அதைத் தூக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் புரிகிறது. வரப்பில் நடந்து மடை திறப்பது? டிவிஎஸ் எக்ஸெல்லில் உர மூட்டையை வைத்துக்கொண்டு போவது? கர்ப்பப்பை எடுத்த பெண் எத்தனை வாரம் கழித்துச் சேற்றில் குனிந்து நடவு நடலாம்? என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் யாரும் உங்கள் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும். சிசேரியன் ஆன பெண்ணின் தையலைப் படம் பிடித்து, "அண்ணே, இத ஆஸ்பத்திரி நம்பருக்கு அனுப்பி விடுங்க" என்று அவள் கணவன் என் கடையில் போனை நீட்டுகிறான். நான் போனை அப்படியே என் மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். எல்லாக் கடைக்காரனும் அப்படிச் செய்வான் என்று என்ன உறுதி? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. படம் யாரிடம் போகிறது, எப்போது அழிக்கப்படும் என்று நோயாளியிடம் தமிழில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பெண்களின் படத்தைப் பெண் நர்ஸ் பார்க்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் அக்காக்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். ஆபரேஷன் ஆகி வந்தவரின் புண்ணை மூன்றாவது, ஏழாவது நாள் பார்த்துப் படம் அனுப்பும் வேலையை உரிய சம்பளத்தோடு அவர்களிடம் கொடுத்தால் என் மாதிரி ஆளின் தலையீடே வேண்டாம். சும்மா தலையில் கட்டாதீர்கள், அவர்களுக்கு இப்போதே வேலை அதிகம்.

அப்புறம், காகிதத்தை விட்டுவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் ஊரில் டவரும் இல்லை, கரண்டும் இல்லை. ஆபரேஷன் ஆகி வீட்டில் கிடந்தவர்களுக்கு அந்த நாட்களில் எந்த ஆப் உதவியிருக்கும்? என்ன ஆனால் உடனே கிளம்ப வேண்டும், எங்கே போக வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள் போதும். வேண்டுமானால் நானே இலவசமாக ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆறு மா நிலத்தில் குறுவைக்கு நாற்றங்கால் விட்டாயிற்று. விதை மூட்டையைத் தானே தூக்குவேன் என்று நேற்றுக் காலை சண்டை போட்டார். உள்ளே வலை இருக்கும் ஆள் எவ்வளவு எடை தூக்கலாம் என்று கேட்க அந்த ஆப்பைத் திறந்தேன். ஓடிபி அண்ணனுக்குப் போயிருக்கிறது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்,
மன்னார்குடி வட்டம்