தானியம் தின்ற குட்டியில் எவ்வளவு கறி நிற்கும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

செம்மறிக் குட்டிக்கு மக்காச்சோளம் கொடுத்தால் கறி கூடும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். சொன்னதில் பொய் இல்லை. ஆனால், உயிர் எடையில் இத்தனை சதவீதம் கறி என்று கணக்குப் போட்டவர்கள் அந்த உயிர் எடையை எப்போது எடுத்தார்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் இருபது, இருபத்தைந்து செம்மறி வைத்துப் பிழைப்பவன் நான். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், மேய்ந்துவிட்டு வந்த ஒரு கிடாக்குட்டியை வந்த கையோடு புளியமரக் கொப்பில் தராசு கட்டித் தூக்கிப் பார்த்தேன். 20 கிலோ. ராத்திரி முழுக்க இரை போடாமல் தண்ணீர் மட்டும் வைத்து, விடிந்ததும் தூக்கினால் பதினெட்டரை. அறுத்துத் தோல், தலை, கால், குடல் எல்லாம் கழித்து நின்ற கறி 9 கிலோ. சாயங்கால எடைக்கு வகுத்தால் 45 சதவீதம். காலை எடைக்கு வகுத்தால் 48½ சதவீதம். ஒரு பிடி தானியம்கூடத் தின்னாத குட்டிக்கே ராத்திரியோடு ராத்திரியாக மூன்றரை சதவீதம் கூடிவிட்டது!

புல்லும் சருகும் வயிற்றில் நெடுநேரம் கிடந்து ஊறி, அசைபோட்டு அரைந்துதான் இறங்கும். தானியம் அப்படி இல்லை. கொஞ்ச இடத்தில் அடங்கும், சீக்கிரம் செரித்துவிடும். அதனால் மேய்ச்சல் குட்டியின் எடையில் வயிற்றுச் சுமை அதிகம், தீவனக் குட்டியில் குறைவு. தீவனக் குட்டியின் சதவீதம் ஏறித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் கறிக்கடைக்காரரிடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குட்டியின் நடுமுதுகில் நாலு விரலை வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, “என்னவே, வயித்தைத்தான் வளத்திருக்கீரு, கறி நிக்காதே” என்பார்.

தானியமே வீண் என்று சொல்ல வரவில்லை. பால் மறந்த மூன்று மாதக் குட்டிக்கு எலும்பும் சதையும் கூடுகிற வயது. பங்குனி, சித்திரையில் காடு காய்ந்து கிடக்கும்போது வெறும் மேய்ச்சலை நம்பினால் அது வளராமல் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் உடைத்த மக்காச்சோளத்தோடு கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து வைத்தால் சதை பிடிப்பது கண்ணுக்கே தெரியும். புண்ணாக்கு இல்லாமல் சோளத்தை மட்டும் அள்ளிப் போட்டால் கொழுப்புதான் ஏறும். வயது முதிர்ந்த கிடாவுக்குச் சொல்லவே வேண்டாம். அறுத்துப் பார்த்தால் குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளையாகக் கட்டி நிற்கும். அதையும் கறியோடு சேர்த்து நிறுத்தால் சதவீதம் கூடத்தான் செய்யும். கடைக்கு வருகிறவர்களோ, “கொழுப்பை எடுத்துட்டுப் போடுங்கண்ணே” என்கிறார்கள். எங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஆனி, ஆடிக் காற்றில் தொட்டியில் போட்ட தவிட்டில் பாதி பறந்துவிடும். கஞ்சித்தண்ணி தெளித்துப் பிசறித்தான் வைக்கிறேன்.

கட்டுரை தொடாமலே போன இடம் ஒன்று உண்டு. கும்பப்பூ நெல் (மாசி வாக்கில் அறுக்கிற போகம்) அறுப்பு முடிந்த வயலில் கிடை போட வருகிற கோனார்மார், பசித்த ஆட்டை நெல் சிந்திக் கிடக்கிற இடத்துக்கு விடவே மாட்டார்கள். விட்டால் ஆடு நெல்லை முட்டத் தின்று, வயிறு உப்பிப் படுத்துவிடும். தீவனத் தொட்டியிலும் அதே கதைதான். பழக்கமில்லாத வயிற்றுக்குள் மாவுச்சத்து மொத்தமாகப் போனால் புளித்து அமிலமாகிவிடும். முதல் வருஷம் நான் அவசரப்பட்டு, முதல் நாளே ஆளுக்கு அரைக் கிலோ சோளம் வைத்தேன். மறுநாள் ஒரு குட்டி அசைபோடவில்லை, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. புளித்த வாடையோடு கழிந்தது. சாயங்காலம் அதைக் குழி வெட்டிப் புதைத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. இப்போது 50 கிராமில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக 300 கிராமுக்குக் கொண்டுபோகிறேன். காலையில் முதலில் புல்லோ வைக்கோலோ தின்ற பிறகுதான் தானியம். துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய்க்கான தடுப்பூசியும் தீவனம் தொடங்கும் முன்பே போட்டுவிடுகிறேன். தானியம் தின்று கொழுத்த குட்டியைத்தான் அந்த நோய் முதலில் தூக்கும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பை மிச்சம் பிடிக்கிறேன் என்று செம்மறிக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் ஆட்டையே கொன்றுவிடும்.

எங்கள் மாவட்டத்திலேயே விளவங்கோடு, கல்குளம் பக்கம் பிலா (பலா) இலை போட்டு வெள்ளாடு வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அது வேறு ஆடு, வேறு இரை.

இனி இப்படிக் கட்டுரை வந்தால் மூன்று விவரமாவது சேர்த்துப் போடுங்கள்: குட்டியை எத்தனை மணி நேரம் பட்டினி போட்டு எடை எடுத்தார்கள், குண்டிக்காய்க் கொழுப்பு கறிக் கணக்கில் சேர்ந்ததா, ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் போயிற்று. என் தொட்டியில் அது ஐந்து, ஆறு கிலோ ஆகிறது. ஏறின அந்த ஒரு கிலோவிலும் பாதிதான் கறி.

இப்படிக்கு,
செம்மறி வளர்க்கும் வாசகர் ஒருவர்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.