ஞாயிற்றுக்கிழமையும் சினை ஊசி போட ஆள் வேண்டும்: மூன்றாவது கோரிக்கை மனு

திகதி: 2025.09.12

பெறுநர்: கால்நடை வைத்திய அதிகாரி ஐயா அவர்கள்
அனுப்புவோர்: தோட்டத்து மேற்பிரிவில் பால்மாடு வளர்க்கும் 23 குடும்பங்கள்

விடயம்: விடுமுறை நாட்களில் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் சேவை கிடைக்காமை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விடயமாக ஜூன் 11ஆம் திகதி ஒரு மனுவைக் கையிலேயே கொண்டுவந்து தந்தோம். ஜூலை 23ஆம் திகதி இன்னொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். தபால் கந்தோர் தந்த துண்டு சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. பதில்தான் இன்னும் வரவில்லை. எங்கள் இடத்தைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாரியம்மன் கோயில் திருப்பத்தில் மண் பாதை பிரிகிறதே, போன வருடம் தங்களுடைய ஜீப் சேற்றில் புதைந்து நாங்கள் பத்துப் பேர் கூடித் தள்ளிவிட்ட இடம், அதற்கு மேலே வரிசையாக இருக்கும் லய வீடுகள்தான்.

1. எங்கள் பிரிவில் கறவை மாடும் கிடேரியுமாக 41 உருப்படி இருக்கின்றன. காளை ஒன்றுகூட இல்லை. காளை வேண்டாம், ஊசி போதும், நல்ல இனம் சேரும் என்று சொன்னது தங்கள் அலுவலகம். நாங்களும் சரியென்று கேட்டோம்.

2. ஊசி போடும் உத்தியோகத்தர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு தோட்டத்துக்கும் அவர் ஒரு ஆள், ஒரு மோட்டார் சைக்கிள். கிழமை நாளில் கூப்பிட்டால் அடைமழையிலும் உறைந்த விந்து வைக்கும் நைதரசன் தாங்கியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஞாயிறு அவருக்கு லீவு. அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. அன்றைக்கு அவருக்குப் பதிலாக வருவது யார்? இதைத்தான் இரண்டு மனுவிலும் கேட்டிருந்தோம்.

3. இந்த மனுவை எழுதுகிறவளின் மாட்டைப் பற்றிச் சொல்கிறேன், மற்றவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். ஜேர்சிக் கலப்பு, செவலை. மார்ச் 8ஆம் திகதி கன்று போட்டது. நல்ல நாளில் காலையும் மாலையுமாக 11 லீற்றர் கறந்தது. கன்று போட்டு இரண்டு மாதம் கழித்து அடுத்த சினைக்கு ஊசி போட்டுவிட வேண்டும், அப்போதுதான் வருடத்துக்கு ஒரு கன்று நிற்கும் என்று தாங்கள்தான் படித்துப் படித்துச் சொன்னீர்கள். மே 18ஆம் திகதி மாடு காளைக்குக் கத்தியது. அன்று ஞாயிறு. அப்புறம் ஜூன் 8, ஜூன் 29, ஜூலை 20, ஆகஸ்ட் 10, ஆகஸ்ட் 31. ஒவ்வொரு தடவையும் கலண்டரில் வட்டம் போட்டு வந்தேன். மூன்றாவது வட்டம் போடும்போதுதான் கவனித்தேன், எல்லாமே சிவப்பு எழுத்தில் விழுந்திருக்கின்றன. இருபத்தொரு நாள் என்றால் சரியாக மூன்று கிழமை. என் மாடு தவணை தவறாத மாடு. ஞாயிற்றில் மாட்டிக்கொண்டது, இனி யாராவது வந்து ஊசி போடும்வரை ஞாயிற்றில்தான் கத்தும். மாட்டுக்குத் தெரியுமா ஐயா, அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும் என்று?

ஜூன் 29ஆம் திகதி விடிய நாலரை மணிக்குக் கத்தத் தொடங்கியது. லாம்பைப் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி நூல்போலச் சளி தொங்குகிறது. எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. தண்ணீர்த் தாங்கி வரை ஏறிப்போய், அட்டைக்கடியோடு நின்று, நான்கு தடவை தொலைபேசி எடுத்தேன். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு உத்தியோகத்தர் வந்தார், கையை விட்டுப் பார்த்தார், “ஆறிப்போச்சு அக்கா, போட்டாலும் வீண்” என்றார். மாட்டின் பருவ வேகம் பன்னிரண்டு மணித்தியாலம், மிஞ்சிப்போனால் பதினெட்டு. காலையில் கண்டால் மாலையில் ஊசி போட வேண்டும். இதுவும் தாங்கள் சொல்லித்தந்த பாடம்தான். அன்று திங்கட்கிழமைப் பேரும், அதுதான் அன்றைய நாள் சம்பளமும், போனது, நான் மலைக்கு வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 20ஆம் திகதி டவுனிலிருந்து தனியார் ஒருவரைக் கூப்பிட்டோம். வாகனக் கூலியோடு 4,500 ரூபாய். விந்து உறைந்திருக்கும் குச்சியை உருக்க வெந்நீர் கேட்டார், தேத்தண்ணிக்கு வைத்திருந்த கேத்தலைக் கொடுத்தேன். வெந்நீரில் விரலை விட்டுப் பார்த்துச் சரியென்றார். எந்தக் காளை என்று கேட்டால், “நல்ல காளைதான்” என்றார். ஆகஸ்ட் 10ஆம் திகதி மாடு மறுபடி கத்தியது. இப்போது 5 லீற்றர் கறக்கிறது, அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. புண்ணாக்கு மட்டும் அதே அளவு தின்கிறது. மே மாதமே சினை பிடித்திருந்தால் வருகிற பெப்ரவரியில் கன்று. இனிப் பிடித்தாலும் ஜூன் முடிவில்தான். 126 நாள், ஐயா. பிள்ளையின் ரியூசன் காசு, கடைக்கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

4. ஆகஸ்ட் 13ஆம் திகதி பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டீர்கள். அரைப்பேரை விட்டுவிட்டு வந்தோம். திரையில் படம் காட்டினார்கள். வெளிநாட்டுப் பண்ணைகளில் உயர்ந்த பசுவுக்கு ஊசி மருந்து கொடுத்துப் பல முட்டைகளை ஒரே தடவையில் விளையவைத்து, சினைப்படுத்தி, ஏழாம் நாள் முளையங்களை, அதாவது வளரத் தொடங்கிய கருக்களை, கழுவி எடுக்கிறார்களாம். நோய் ஒட்டாமலிருக்க ஒவ்வொன்றையும் பத்துத் தடவை அலசி, மைனஸ் 196 பாகையில் உறையவைத்து விமானத்தில் அனுப்புகிறார்களாம். வாங்குகிறவர் தன் நாட்டு மாட்டின் வயிற்றில் வைத்து வளர்க்கிறார். உறைந்த முளையத்திலிருந்து முதல் கன்று 1973இலேயே இங்கிலாந்தில் பிறந்துவிட்டதாம். கேட்க ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் நம் மலைநாட்டு மாட்டின் முளையத்தையும் வெளிநாட்டார் வாங்கலாம் என்று முடித்தபோது எல்லோரும் கை தட்டினோம். மூன்று நாளுக்கு முன்னால்தான் என் மாடு ஐந்தாவது தடவை கத்தி ஓய்ந்திருந்தது. நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து சினைப்படுத்தல் அட்டையை எடுத்துப் பார்த்தேன். காளை இலக்கம்: வெறுமை. ஊசி போட்ட திகதி: வெறுமை. வெளிநாட்டுக்காரர் வாங்குவதற்கு முன் தாயின் பால் கணக்கு, தந்தைக் காளையின் விபரம், நோயில்லை என்ற அத்தாட்சி எல்லாம் கேட்பார் என்று அதே வகுப்பில்தானே சொன்னீர்கள்? கேத்தல் வெந்நீரில் உருக்கிய “நல்ல காளை”யை எந்தத் தாளில் எழுதுவது? சரி, விற்க வேண்டாம், வாங்கியே வைப்போம் என்றாலும், மாடு பருவத்துக்கு வந்த ஏழாம் நாள் பார்த்து முளையத்தை வைக்க வேண்டும் என்கிறீர்கள். அந்த ஏழாம் நாளும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விழும்! அதற்கு யார் வருவார்?

5. நாங்கள் விமானம் கேட்கவில்லை. ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் முறை வைத்து ஒருவரை அனுப்புங்கள். முடியாவிட்டால் எங்கள் பிரிவில் உயர்தரம் முடித்த பொடியன்கள் இரண்டு பேர் சும்மா இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைப் பழக்கி ஒரு சிறிய நைதரசன் தாங்கியைக் கொடுங்கள். குண்டசாலைச் சினைப்படுத்தல் நிலையத்திலிருந்து குச்சி வருகிறது, தங்கள் அலுவலகம் வரை வருகிறது, மிச்சம் ஆறு மைல்தான். தயவுசெய்து அந்த ஆறு மைலுக்கு வழி செய்யுங்கள்.

6. பதிலாவது எழுதுங்கள். முடியாது என்றாலும் எழுதுங்கள்.

7. அடுத்த தவணை செப்டெம்பர் 21. ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் நான் சனிக்கிழமை இரவிலிருந்தே பார்த்திருப்பேன், கண்டவுடன் தண்ணீர்த் தாங்கிக்கு ஏறி அழைப்பேன். அன்றைக்கு எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்பதை மட்டுமாவது 20ஆம் திகதிக்கு முன் தெரிவிக்கும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
மேற்பிரிவு பால்மாடு வளர்ப்போர் சார்பாக
(23 குடும்பங்களின் கையொப்பங்களும் பெருவிரல் அடையாளங்களும் மறுபக்கத்தில்)

இணைப்பு: முதலிரு மனுக்களின் பிரதிகள், பதிவுத் தபால் துண்டின் பிரதி, வட்டம் போட்ட கலண்டர் தாள்கள் நான்கு.