மூச்சையும் குரலையும் சேர்த்துக் காத்தவர்களுக்கு நன்றி

கடும் ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், குரல் கம்மல் மூன்றோடும் நாளைக் கழிக்கும் எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, இன்ஹேலர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த செவிலியர்களுக்கு. இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மருந்து தொண்டையில் படிந்தால் குரல் கம்மும், நாக்கில் வெள்ளை படியும். அதற்குப் பயந்து இன்ஹேலரை விட்டால் இரைப்பு திரும்பிவிடும். நீங்கள் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, இன்ஹேலரின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவையான ஸ்பேசரை மாட்டச் சொன்னீர்கள். நன்றாகக் குலுக்கி ஒரு தடவைக்கு ஒரே அழுத்து, மெதுவாக இழுத்து 10 விநாடி மூச்சைப் பிடிப்பது, அடுத்த அழுத்துக்கு முன் மறுபடி குலுக்குவது, கடைசியில் தொண்டைவரை நீர்விட்டுக் கொப்பளித்துத் துப்புவது என எல்லாம் நீங்கள் பழக்கியவை. ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசி அப்படியே உலரவிடச் சொன்னீர்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பொடி இன்ஹேலரை மட்டும் ஸ்பேசர் இல்லாமல், வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும்.

மருந்தாளுநர்களே, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும் என்று அட்டையிலேயே எழுதிக்கொடுத்தீர்கள். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் தியோபிலின் இரைப்பையின் மேல்வாயையும் தளர்த்தி எதுக்களிப்பைக் கூட்டலாம் என்று மருத்துவருக்கு நினைவூட்டியதும் நீங்கள்தான். டிமோலால் கண் சொட்டு மருந்துகூட மூச்சுக்குழாயை இறுக்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்குப் பெரிய நன்றி. நாலு வாரம் தாண்டிய குரல் கம்மலை ஊகத்தில் விடாமல் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தீர்கள். பூஞ்சையா, அமிலப் புண்ணா, மூச்சிழுக்கும்போதே குரல்நாண் மூடிக்கொள்கிறதா என்று தெரிந்தால்தானே வைத்தியம்? குரல்நாண்தான் காரணமென்றால் ஸ்டீராய்டைக் கூட்டிப் பயனில்லை. கிசுகிசுப்பதும் குரலுக்கு ஓய்வல்ல என்று திருத்திய குரல் பயிற்சியாளர்களுக்கும் நன்றி.

நெஞ்செரிச்சலே இல்லாதவருக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தால் ஆஸ்துமா தணியாது என்பதை 2009-இல் வந்த அமெரிக்க ஆய்வே காட்டியது. அதைச் சொல்லி வீண் மாத்திரையைத் தவிர்த்த நுரையீரல் மருத்துவர்களின் நேர்மையை மதிக்கிறோம்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு 15 முதல் 20 செ.மீ. உயரக் கட்டை செய்து, கால் நழுவாதபடி குழியும் தோண்டித் தந்த தச்சர்களே, அது தலையணை அடுக்கால் ஆகாத வேலை. அடுக்கினால் இடுப்பு மடங்கி, வயிறு அமுங்கி, அமிலம் மேலே ஏறும். படுக்க மூன்று மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாட்டை முடிக்கத் தங்கள் நேரத்தையும் மாற்றிக்கொண்ட வீட்டாருக்கு, சொன்னால் தீராத நன்றி.

அன்புடன்,
ஆஸ்துமாவோடு வாழ்பவர்களும் குடும்பத்தாரும்