லேத் ஓட்டிய கதாநாயகன்

நாட்டிங்காம்

அன்புள்ள அண்ணா,

நலம். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, மற்றபடி குளிர் பழகிவிட்டது. அம்மாவை இன்னொரு ஸ்வெட்டர் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிரிட்டிஷ் சினிமாவில் தொழிலாளி கதைகள் ஏன் குறைந்துவிட்டன என்று கேட்டிருந்தீர்களே, சொல்கிறேன். நான் படிக்கும் ஜூபிலி வளாகம் இருப்பது பழைய ராலே சைக்கிள் ஃபேக்டரி இருந்த இடத்தில். தாத்தா வைத்திருந்தாரே, அதே ராலே! 1960-இல் வந்த 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' என்ற படம் அந்த ஃபேக்டரிக்குள்தான் தொடங்குகிறது. கதாநாயகன் ஆல்பர்ட் ஃபின்னி லேத்தில் நிற்கிறார். ஒரு பீஸைக் கழற்றுகிறார், அடுத்ததை மாட்டுகிறார், மனசுக்குள் எண்ணிக்கொண்டே. எத்தனை பீஸோ அத்தனை கூலி, பீஸ் ரேட் அல்லவா. கதை எழுதிய ஆலன் சில்லிட்டோவும் சின்ன வயதில் ராலேயில் வேலை பார்த்தவர். ஃபின்னியின் கைவேகம் நிஜமா நடிப்பா என்று லேத்தோடு பிறந்த நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

அது நன்றாக ஓடிய படம். தொழிலாளி கதையை யார் பார்ப்பார்கள் என்ற பேச்செல்லாம் அப்புறம் வந்ததுதான். தயாரிப்பில் இருந்த ஹாரி சால்ட்ஸ்மன் 1962-இல் ஜேம்ஸ் பாண்ட் பக்கம் போய்விட்டார். இந்தப் படத்தை எடுத்த அதே உட்ஃபால் கம்பெனி 1963-இல் அமெரிக்கப் பணத்தில், கலரில், 'டாம் ஜோன்ஸ்' எடுத்தது. லேத் ஓட்டிய ஃபின்னியே 18-ஆம் நூற்றாண்டு உடுப்பில் குதிரை ஏறுகிறார்! நாலு ஆஸ்கார். அதே வருடம் வந்த, ரக்பி ஆடும் சுரங்கத் தொழிலாளியின் கதையான 'திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்' வசூலில் படுத்துவிட்டது. முதலாளிகளுக்கு அது போதாதா? என்னைக் கேட்டால், ரசனை மாறியதைவிடப் பணம் கை மாறியதுதான் பெரிய காரணம். ஃபேக்டரிக்குள் கதை எடுத்த காலம் போய், பின்னாளில் லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டனில் விமான இன்ஜின் செய்த ஃபேக்டரியைத்தான் ஸ்டுடியோவாக்கி ஹாரி பாட்டர் எடுத்தார்கள்.

தொழிலாளி சினிமா ஒரேயடியாகச் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பிபிசி மாதிரி டிவி நிறுவனங்களின் பணத்தில் மூச்சு ஓடுகிறது. கென் லோச் எடுத்த 'ஐ, டேனியல் பிளேக்' 2016-இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. நியூகாசிலில் ஒரு தச்சர். மாரடைப்பு வந்தவர், வேலைக்குப் போகாதே என்கிறார் டாக்டர். உதவித்தொகை ஆபீஸோ வேலை தேடு என்று விரட்டுகிறது. அதில் பசி தாங்காமல் ஒரு பெண், இலவச உணவு கொடுக்கும் இடத்திலேயே டின்னைத் திறந்து கையால் அள்ளித் தின்பாள். அண்ணியோடு உட்கார்ந்து பாருங்கள், அம்மாவுக்கு மட்டும் வேண்டாம். நான் இங்கே சாப்பிடுவதே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

அன்புடன்,
தம்பி