அந்த பீரோவத் தொறந்து விடுங்க: வடசென்னைப் பள்ளி மேலாண்மைக் குழு அக்கா, அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அக்காங்களுக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம்.

நான் காசிமேட்டுக்காரி. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர்னு நம்ம பக்கத்து பள்ளிக்கூடங்கள்ல மேலாண்மைக் குழுவுல இருக்கற உங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதறேன். கூட்டத்துல பாத்ரூம் பத்தி பேசறீங்க, குடிதண்ணி பத்தி பேசறீங்க, மழை வந்தா கிரவுண்டுல முட்டி வரைக்கும் தண்ணி நிக்கறத பேசறீங்க, அதெல்லாம் பேசியே ஆகணும். அது கூடவே பள்ளிக்கூடத்துல கதைப் புத்தகங்கள உள்ள வச்சுப் பூட்டியிருக்கற பீரோவப் பத்தியும் ஒரு கதைப் புத்தகத்தப் பத்தியும் பேசணும்னு கேட்டுக்கறேன்.

புத்தகம் பேரு 'எ லிட்டில் பிரின்சஸ்'. பிரான்செஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்னு ஒரு அம்மா எழுதுனது, 1905-ல நாவலா வந்துச்சு, அதுக்கு முன்னாடியே 1888-ல சின்னக் கதையா வந்து, அப்புறம் நாடகமாப் போட்டு, அப்புறம்தான் பெருசாச்சு. ஏழு வயசுல நம்ம நாட்லேர்ந்து லண்டனுக்குப் போற சாரான்ற பொண்ணோட கதை. அம்மா கிடையாது, அப்பா ராணுவத்துல கேப்டன், நல்ல வசதி, பெரிய ஹாஸ்டல் ஸ்கூல்ல தனி ரூம், தனி வேலக்காரின்னு ராணி மாதிரி இருக்கும். பதினோராவது பொறந்தநாள் கொண்டாட்டம் நடந்துகிட்டு இருக்கும்போதே அப்பா செத்துட்டாரு, நண்பரை நம்பிப் போட்ட பணமெல்லாம் போச்சுன்னு தகவல் வரும். அன்னிக்கே அந்த ஸ்கூல் ஓனரம்மா மிஸ் மின்சின் பொண்ண மொட்டைமாடிக்குக் கீழ இருக்கற பரண் ரூமுக்கு அனுப்பிடுவாங்க. எலி ஓடற ரூம். அதுக்கப்புறம் கடைக்குப் போறது, எடுபிடி வேலை, சின்னப் பசங்களுக்குப் பாடம் சொல்லித்தர்றது, பாதி நாள் பட்டினி. பக்கத்து ரூம்ல பெக்கின்னு அடுப்படி வேலை செய்யற பொண்ணு இருக்கும், அதுதான் துணை.

இந்தக் கதை எனக்கு ஏழாவது படிக்கறப்ப கெடச்சுது. எங்கப்பா லோடு எறக்கற எடத்துல கால்ல அடிபட்டு எட்டு மாசம் படுத்துட்டாரு, அம்மா அவர ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிகினு அலைஞ்சாங்க, என்ன ஒரு சொந்தக்காரங்க வீட்ல விட்டுட்டாங்க. அந்த வீட்ல யாரும் என்ன அடிக்கல, திட்டக்கூட இல்ல. ஆனா எல்லாரும் சாப்ட்டப்புறம்தான் எனக்குத் தட்டு வரும், குழம்புல அடியில தங்குன கத்திரிக்கா காம்பு மட்டும் இருக்கும், அத பெருசா யார்கிட்டயும் சொல்லவும் முடியாது, ஏன்னா சோறு போட்டாங்கல்ல. அப்பதான் எங்க இங்கிலீஷ் மிஸ்ஸு கடைசி பீரியட்ல இந்தக் கதைய தெனம் கொஞ்சம் கொஞ்சமா நம்ம பேச்சுல சொல்ல ஆரம்பிச்சாங்க, ஒரு மாசம் ஓடுச்சு. சாரா கிழிஞ்ச கருப்பு கவுனோட கடைசியா சமையக்கட்டுல போய் நிக்கற எடத்துல எனக்கு அழுகை வரல, அக்கா, ஆச்சரியமா இருந்துச்சு. நம்மள மாதிரியே ஒருத்தி நிக்கறாளே, அத ஒருத்தங்க கண்டுபுடிச்சு புத்தகத்துல வேற எழுதி வச்சிருக்காங்களேன்னு.

பெரியவளானப்புறம் அல்லிக்குளம் கட்டடத்துல பழைய புத்தகக் கடையில அட்டை போன ஒரு காப்பி கெடச்சுது. அதத்தான் இப்ப எங்க தெரு பசங்களுக்கு சொல்றேன். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்புடி தடைக்காலம், உங்களுக்கே தெரியும், விசைப்படகெல்லாம் கரையில நிக்கும், வீட்ல துட்டு இருக்காது, பசங்களுக்கு லீவும் வந்துடும். சாயங்காலம் எங்க ஹவுசிங் போர்டு மொட்டமாடியில ஒரு பதினஞ்சு இருபது பேர் வந்து ஒக்காருவாங்க. நான் அந்த பன்னு எடத்துக்கு வருவேன்.

மழை, குளிரு, சேறு. சாரா காலைலேர்ந்து ஒண்ணுமே சாப்புடல, செருப்பு ஓட்டையாகி உள்ள தண்ணி பூந்து சதக் சதக்னு நடக்குது. சேத்துல ஒரு சின்ன வெள்ளிக் காசு கெடக்கும், நாலு பென்னி. எதிர்ல ரொட்டிக் கடை. நேரா போய் வாங்கித் துன்னலாம்ல, ஆனா மொதல்ல கடைக்கார அம்மாகிட்ட இது உங்க காசான்னு கேக்கும். இல்லன்னு சொன்னப்புறம்தான் நாலு பன்னு கேக்கும், அந்தம்மா மூஞ்சப் பாத்துட்டு ஆறா போட்டுக் குடுப்பாங்க. வாசல்ல தன்னவிட மோசமா ஒரு பிச்சக்காரப் பொண்ணு குந்திகினு இருக்கும். சாரா ஒண்ணு குடுக்கும். அது துன்ற வேகத்தப் பாத்துட்டு இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு அஞ்சு குடுத்துட்டு தனக்கு ஒண்ணே ஒண்ணு வச்சிக்கும்.

இந்த எடத்துல எப்பவுமே யாராவது ஒருத்தர் விரல விட்டு எண்ணிகினு இருப்பாங்க. போன வருஷம் ஒரு ஆறாங்கிளாஸ் பொண்ணு எண்ணி முடிச்சிட்டு கேட்டுச்சு, "இன்னாக்கா, ஒண்ணியாவது முழுசா துன்னுச்சா, அதுவும் போச்சா?" முழுசா துன்னுச்சுடி, பிச்சிப் பிச்சி மெதுவா துன்னுச்சுன்னு சொன்னேன். அதுக்கு அது, "ம், அப்டித்தான் துன்னணும், அப்பதான் நெறைய மாரி இருக்கும்"னு சொல்லிட்டு பேசாம ஒக்காந்துச்சு. நான் அதுக்கு மேல எதுவும் கேக்கல. அந்தப் பொண்ணுக்கு அது எப்படித் தெரியும்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நூறு வருஷத்துக்கு மேல ஆயும் இந்தக் கதை ஏன் பழசாகலன்னு நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். பசிய பசின்னே எழுதியிருக்காங்க, அதுதான் மொத காரணம். கஷ்டம் வந்தா நீ நல்லவளா ஆயிடுவ, கஷ்டம் நல்லதுன்னு எங்கயும் சொல்லல. சாராவுக்கு கோவம் வரும், ஒரு நாள் தாங்க முடியாம ஆசையா வச்சிருந்த பொம்மைய தட்டிவிட்டு அழும், நீ வெறும் பொம்மதான்னு கத்தும். திரும்ப அதையே எடுத்து ஒக்கார வைக்கும். தாக்குப்புடிக்கறதுன்னா அதுதானக்கா, சிரிச்ச மூஞ்சியோடவே இருக்கறது கெடையாது.

ரெண்டாவது, அது தனியா தாக்குப்புடிக்கல. பக்கத்து ரூம் செவுத்த தட்டுனா பெக்கி திரும்பத் தட்டும், அவ்ளோதான், அந்த தட்டு போதும். பரண் ரூம ஜெயிலுன்னு வச்சிக்கோ, நாம ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து செல்லுல இருக்கற கைதிங்கன்னு சாரா கதை கட்டும், பெக்கியும் அதுக்குள்ள வந்துடும். கற்பனைன்றது பொழுதுபோக்கு இல்ல, அந்தப் பொண்ணு தன்ன யாருன்னு மறக்காம இருக்கறதுக்கு அது வச்சிருக்கற ஒரே சொத்து, அத கூட இருக்கறவளுக்கும் பங்கு போட்டுத் தருது.

இன்னொண்ணு, 1939-லயும் 1995-லயும் இத சினிமாவா எடுத்தப்ப அப்பா சாகல, கடைசில கெடச்சிடுவாருன்னு மாத்திட்டாங்க. நாவல்ல அப்பா திரும்பி வரவே மாட்டாரு. அப்பாவோட நண்பர் வருவாரு, பணம் வரும், பாசம் வரும், அப்பா வரமாட்டாரு. கடலுக்குப் போய் திரும்பாத அப்பாங்களோட பசங்க படிக்கற பள்ளிக்கூடம் நம்மளது. அந்தப் பசங்ககிட்ட பொய் சொல்லாத கதை வேணும்க்கா.

நம்ம பள்ளிக்கூடத்துக்கு தன்னம்பிக்கை பேச்சாளர்னு ஒருத்தர கூட்டிட்டு வந்து மைக் குடுக்கறீங்க. அவர் உங்க அம்மா அப்பா படற கஷ்டத்த நெனச்சுப் பாருங்கன்னு பின்னாடி சோக மியூசிக் போட்டு நானூறு பசங்கள அழவெச்சுட்டுப் போயிடறாரு. நல்ல எண்ணத்துலதான் கூட்டிட்டு வர்றீங்க, நான் தப்பு சொல்லல. ஆனா நம்ம பசங்களுக்கு கஷ்டத்த யாரும் ஞாபகப்படுத்த வேணாம், அது வீட்லயே இருக்கு. ஒரு மணி நேரம் அழுதுட்டுப் போனா மறுநாள் என்ன இருக்கும் கையில? கதை அப்டி இல்ல, ராத்திரி படுத்துகினு திரும்ப ஓட்டிப் பாக்கலாம்.

எழுதுன அம்மாவும் சொகுசா வளந்தவங்க இல்ல. 1849-ல மான்செஸ்டர்ல பொறந்தாங்க, சின்ன வயசுலயே அப்பா போயிட்டாரு, அம்மாதான் கடைய பாத்துகிட்டாங்க. அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் வந்து பஞ்சு வரத்து நின்னதும் மான்செஸ்டர் மில்லுங்க படுத்துடுச்சு, மில்ல நம்பி இருந்த ஊரே படுத்துடுச்சு, 1865-ல குடும்பமே கப்பலேறி அமெரிக்காவுல டென்னஸிக்குப் போச்சு. அங்க காட்டு திராட்ச பறிச்சு வித்து, அந்தக் காசுல பேப்பரும் ஸ்டாம்பும் வாங்கித்தான் மொத கதைய பத்திரிகைக்கு அனுப்புனாங்க. பெரம்பூர்ல பின்னி மில்லு 1996-ல மூடினப்ப புளியந்தோப்புலயும் வியாசர்பாடியிலயும் வீட்டுக்கு வீடு என்னாச்சுன்னு உங்கள்ல பல பேருக்கு நேராவே தெரியும், மில்லு சங்கு நின்னா ஒரு ஊரு எப்படி அடங்கும்னு நாம வெளியாள்கிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்க வேணாம்.

இந்த நாவல் வந்த அடுத்த வருஷம், 1906-ல, இங்கிலாந்துல பள்ளிக்கூடப் பசங்களுக்கு சாப்பாடு போட உள்ளாட்சிங்களுக்கு அனுமதி தர்ற சட்டம் வந்துச்சு. நம்ம ஊர்ல 1920-லயே தியாகராயர் தலைவரா இருந்தப்ப மாநகராட்சி ஆயிரம்விளக்கு பள்ளியில சாப்பாடு போட்டுச்சு. 2022-ல காலைச் சாப்பாடும் வந்துடுச்சு, எங்க தெரு வாண்டுங்க இப்ப காலைல பொங்கல் துன்னுட்டுதான் பாடத்துக்கு ஒக்காருதுங்க. வயித்துக்கு வழி பண்ண எடத்துலயே கதைக்கும் வழி பண்ணலாம்னுதான் சொல்றேன்.

இந்தப் புத்தகத்துல கொறை இல்லன்னு நான் சொல்லமாட்டேன். வெள்ளக்காரங்க நம்ம நாட்ட ஆண்டத சாதாரணமா எழுதியிருக்காங்க. பக்கத்து வீட்ல வேலை செய்யற ராம் தாஸ்னு நம்மாளு ஒருத்தர் கூரை மேல ஏறி வந்து சாரா தூங்கறப்ப ரூம்ல கம்பளியும் சாப்பாடும் நெருப்பும் வச்சிட்டுப் போவாரு, அது பசங்களுக்கு ரொம்பப் புடிக்கும், நம்ம போர்டுல மாடிவுட்டு மாடி தாண்டற பசங்கல்ல, ஆனா அவருக்கு அந்த வேலையத் தாண்டி ஒரு கதையும் கெடையாது. பெக்கிய கடைசில சாராவோட வேலைக்காரியாத்தான் வச்சிருக்காங்க. எங்க மாடியில ஒருத்தன் எழுந்து நின்னே கேட்டான், "ரெண்டும் ஒரே எலியோட தான இருந்துச்சுங்க, ஏன்க்கா பெக்கிக்கு மட்டும் ஒண்ணியும் வரல?" அன்னிக்கு இருட்டற வரைக்கும் அதத்தான் பேசினோம். பெக்கிக்கு என்ன வந்திருக்கணும்னு ஒவ்வொருத்தரும் ஒரு முடிவு சொன்னாங்க, ஒரு பொண்ணு பெக்கி சொந்தமா பன்னு கடை போட்டுச்சுன்னு சொல்லுச்சு. கேள்வித்தாள் குடுத்து வாங்க முடியாத பேச்சு அது.

சரி, பீரோவுக்கு வர்றேன். நான் போய்ப் பாத்த மூணு பள்ளிக்கூடத்துலயும் எச்.எம். ரூம்ல ஒரு பச்ச இரும்பு பீரோ, அதுக்குள்ள நல்ல நல்ல கதைப் புத்தகம், வெளிய பூட்டு. ஒரு எடத்துல புத்தகத்தோட ஓரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு இருந்துச்சு, 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில நனஞ்சது, அப்புறம் யாரும் தொறந்து காய வைக்கல. டீச்சர்கிட்ட கேட்டா பாவம் அவங்களும் உண்மையத்தான் சொல்றாங்க, தொலைஞ்சா ஸ்டாக் ரெஜிஸ்டர்ல யார் கையெழுத்து போட்டாங்களோ அவங்கதான் பதில் சொல்லணும்ன்ற பயம். அந்த பயத்த எடுக்க உங்களாலதான் முடியும். பசங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் கிழிஞ்சாலோ தொலைஞ்சாலோ அது டீச்சர் தலையில விழாது, குழு பாத்துக்கும், நன்கொடையில வேற வாங்கித் தருவோம்னு அடுத்த கூட்டத்துல ஒரு தீர்மானம் போடுங்க. வாரத்துல ஒரு நாள் பீரோ தொறக்கணும், புத்தகம் வீட்டுக்குப் போகணும், திரும்பி வர்றப்ப இதுலேர்ந்து நீ கத்துக்கிட்ட நீதி என்னன்னு கேக்கவே கூடாது. நல்லா இருந்துச்சாடான்னு கேளுங்க, போதும்.

அரசோட வாசிப்பு இயக்கம் மூலமா நுழை, நட, ஓடு, பறன்னு படிக்கற அளவுக்கு ஏத்த மாதிரி சின்னச் சின்னப் புத்தகம் வருது, பசங்க ஆசையாப் படிக்கறாங்க. அத முடிச்சவங்களுக்கு அடுத்து ஒரு பெரிய கதை கையில இருக்கணும்.

எழுதுன அம்மா 1924-லயே இறந்துட்டாங்க, அதனால இந்த நாவல யார் வேணா அவங்கவங்க மொழியில எழுதிக்கலாம், யார்கிட்டயும் அனுமதி கேக்க வேணாம். நான் பத்தொம்பது அத்தியாயத்தயும் நம்ம பேச்சுல மூணு நாப்பது பக்க நோட்டுல சுருக்கி எழுதி வச்சிருக்கேன். பன்னு வர்ற பக்கத்துல மட்டும் டீக்கறை இருக்கும், பசங்க கைபட்டது. எந்தப் பள்ளிக்கூடம் கேட்டாலும் ஜெராக்ஸ் எடுத்து, தைச்சு, அட்டை போட்டுத் தர்றேன், கூப்ட்டா வந்து சொல்லியும் தர்றேன், கடைசி பீரியடா இருந்தா நல்லது.

கூட்டம் என்னிக்குன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க. நோட்டோட வர்றேன்.

அன்போட,
காசிமேட்லேர்ந்து உங்க தங்கச்சி