ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு ஒரு மேஜை போடுங்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்துக்காரி. நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் ஐந்தரை மாதம் தங்கிப் போயிருக்கிறேன். உங்கள் பொங்கல் விழாவில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், கோடைக்கால பிக்னிக்குக்கும் வந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

குளிர் விட்டதும் ஏப்ரலில் வந்து, இலை உதிரும் அக்டோபரில் திரும்பும் பெற்றோர் உங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். சாயங்காலம் புடவைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு நடப்பவர்கள் எல்லோரும் நாங்கள்தான். எங்களில் பெரும்பாலோருக்கு நம்மை இந்த நாட்டில் எந்தத் தேதி வரை இருக்கவிட்டிருக்கிறார்கள் என்பது தெரியாது. "பையனுக்குத் தெரியும்" என்று இருந்துவிடுகிறோம். பையனோ ஆபீஸ், குழந்தை, வீட்டுக் கடன் என்று ஓடிக்கொண்டிருக்கிறான்.

போன தடவை மகள் வீட்டு அபார்ட்மென்ட் பெஞ்சில் ஒரு மதுரைத் தம்பதி பழக்கம். செப்டம்பர் மாதம் ஒருநாள் பேச்சு விசா பக்கம் போனது. கணவர் தன் பையிலிருந்து பழைய பாஸ்போர்ட்டையும் புதிய பாஸ்போர்ட்டையும் ரப்பர் பேண்ட் போட்டபடியே எடுத்தார். "பாருங்கம்மா, விசா 2032 வரைக்கும் இருக்கு. பழைய பாஸ்போர்ட் ஆகஸ்ட்ல முடிஞ்சுது, இங்கேயே புதுசும் வாங்கியாச்சு. அக்டோபர் அஞ்சாம் தேதி டிக்கெட்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மகளைக் கூப்பிட்டு, போனில் அவருடைய ஐ-94 பதிவை, அதாவது எந்தத் தேதி வரை இங்கே இருக்கலாம் என்ற பதிவை, பார்க்கச் சொன்னேன். ஆகஸ்ட் 21 என்று இருந்தது. அன்றைக்கு செப்டம்பர் 14.

நடந்தது இதுதான். விசா என்பது வாசல் வரை வருவதற்கான சீட்டு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் இமிகிரேஷன் அதிகாரிதான் முடிவு செய்கிறார். அதுதான் ஐ-94 தேதி. சுற்றிப் பார்க்கவும் சொந்தங்களைப் பார்க்கவும் கொடுக்கும் பி-2 விசாவில் வருபவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் கிடைக்கும். பாஸ்போர்ட் அதற்குள் முடிவதாக இருந்தால், அது முடியும் நாளோடு நிறுத்திவிடுவது உண்டு. பிறகு புதுப் பாஸ்போர்ட் வாங்கினாலும் அந்தத் தேதி தானாக நீளாது. அது முடிவதற்கு முன்பே ஐ-539 படிவத்தில் நீட்டிப்பு கேட்க வேண்டும். 45 நாள் முன்னதாகவே கேட்கச் சொல்கிறார்கள். அவர் மனைவி, அந்த அக்காவின் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் காலம் இருந்ததால் அவருக்கு அக்டோபர் வரை கிடைத்திருந்தது. சேர்ந்தே வந்திறங்கிய இருவருக்கும் இரண்டு தேதி. அவர்கள் வீட்டில் யாரும் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

நான்கு நாளில் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஐ-94 தேதிக்குப் பிறகு இருந்தது 180 நாளைத் தாண்டியிருந்தால் மூன்று வருடம், ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் பத்து வருடம் உள்ளே வரத் தடை. அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் தேதி தாண்டி ஒருநாள் இருந்தாலும் அந்த விசா செல்லாமல் போய்விடும். 2032 வரை என்று அவர் ஆசையாகக் காட்டினாரே, அது போயிற்று. இனி ஊரில் முதலிலிருந்து விண்ணப்பித்து, இன்டர்வியூவில் இதற்கும் பதில் சொல்ல வேண்டும். "புள்ளய திட்டாதீங்கம்மா, அவனுக்கும் தெரியல" என்று அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. திட்டவில்லை. சொல்ல ஆள் இல்லையே என்றுதான் மனசு ஆறவில்லை.

அந்த ஆளாக நீங்கள் இருங்கள். பிக்னிக்கில் பிரியாணி வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போதும். லேப்டாப்போடு ஒரு தொண்டர் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் ஐ-94 பதிவை எடுத்து, தேதியைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பெற்றோர் கையிலேயே கொடுக்கட்டும். பிள்ளைகள் போனுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

அந்த மேஜையிலேயே இன்ஷூரன்ஸ் தாளையும் பிரித்துப் பார்க்கலாம். மலிவாக இருக்கிறதே என்று எடுக்கும் திட்டங்கள் பல, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று ஒரு வரம்போடு கொடுக்கும். மிச்சம் நம் தலையில். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் இவற்றைப் பல திட்டங்கள் சேர்ப்பதே இல்லை. திடீரென்று முற்றினால் மட்டும் என்று சொல்லும் திட்டங்கள் உண்டு. எங்கள் வயதில் அந்த ஒரு வரிதான் முக்கியம்.

இன்னொன்று, இமிகிரேஷன் கவுன்ட்டரில் பேசுவது. "பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தேன்" என்று நாம் பாசமாகச் சொல்வது, அவர்கள் காதில் ஆயா வேலைக்கு வந்ததாக விழக்கூடும். இந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. பொய் சொல்லச் சொல்லவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, கூட இருக்க வந்தேன், இந்தத் தேதிக்குத் திரும்புகிறேன் என்று உள்ளதைத் தெளிவாகச் சொல்லப் பழக்கிவிடுங்கள். பாதிப் பேருக்கு ஆங்கிலத்தைவிட பயம்தான் பெரிய தடை. கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள், எலுமிச்சை வகை மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் வருமென்று தடை. அப்புறம், நவம்பர் தாண்டித் தங்கும் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ் சான்றிதழை நினைவுபடுத்துங்கள்.

வக்கீல் வேலையைச் செய்யச் சொல்லவில்லை. சிக்கலான விஷயம் என்றால் குடியேற்ற வக்கீலிடம் அனுப்பிவிடுங்கள். ஐ-94 தேதியைப் பார்த்துச் சொல்ல வக்கீல் வேண்டியதில்லை.

வருகிற ஏப்ரலில் மறுபடி வருகிறேன். மகள் ஊரான எடிசன் பக்கம் எந்தச் சங்கம் அந்த மேஜையைப் போட்டாலும், மகளிடம் சொல்லியனுப்புங்கள். கண்ணாடியும் தடிமனான ஸ்கெட்ச் பேனாவும் நானே கொண்டுவருகிறேன். தேதி எழுதும் வேலை என்னுடையது.

அன்புடன்,
ஒரு கும்பகோணத்துப் பாட்டி